குன்னூர்ச் செடிக்கு எங்கூர்த் தண்ணீர்

குன்னூர்
12.3.1983

அன்புள்ள தம்பி ஜஸ்டஸுக்கு அக்கா ஞானரத்தினம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, நீ ஊர் போய்ச் சேர்ந்தபோது ஏதாவது சாப்பிட்டாயா என்று எழுது.

பங்களா மிஸியம்மாவின் அசேலியா போன்சாய் உன்னிடம்தான் இருக்கிறது. மறைக்காதே. வராந்தாவில் அது இருந்த மேடை வெறுமையாக இருக்கிறது. தோட்டக்காரர் பிச்சையா அண்ணனைக்கூட மிஸியம்மா இரண்டு முறை விசாரித்துவிட்டார்கள். அது அவர்களுடைய செத்துப்போன தம்பி முப்பது வருஷமாக வளர்த்த குட்டை மரம் என்பது உனக்குத் தெரியும்.

காலேஜை விட்டாய். லேத் பட்டறையை விட்டாய். நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த இந்தத் தோட்ட வேலையை இரண்டே மாதத்தில் விட்டாய். ஆனால், விட்டுவிட்டு வரும்போது கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் பத்தாம் தேதி மிஸியம்மா இங்கிலாந்துக்குப் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்குத்தான் திரும்புவார்கள். அதற்குள் ஒரு வழி செய்.

அம்மாவுக்கு என் முத்தம்.

ஞானரத்தினம்


சங்கரன்கோவில்
20.3.1983

அக்காவுக்கு,

அம்மா சுகம். மூட்டுவலி இருக்கிறது. நான் சாப்பிட்டேன்.

ஆமாம், எடுத்தேன். என்னை நம்பிக் கொடுத்த செடியில் மூன்று மொட்டு உதிர்ந்தது என்று, பிச்சையா அண்ணாச்சி முன்னால் வைத்து அந்தம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஜஸ்டஸ், அடுத்த முறை இது பூக்கும்போது நீ இங்கே இருக்கமாட்டாய்." சொல்லிவிட்டுத் தொட்டியை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள். எனக்குக் கோவம் வராதா? சரி, நான் இருக்கமாட்டேன், செடியும் இருக்காது என்று பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதுரை வரும்போதே பூ அத்தனையும் கொட்டிவிட்டது. பக்கத்து சீட்டு ஆள் கேட்கிறான்: "ஏலே, கல்யாண வீட்டுக்கா போயிட்டு வார?"

அம்மாவுக்கு போன்சாய் என்று வாயில் வரவில்லை. 'பஞ்சாயத்துச் செடி' என்கிறாள். ஏது என்று கேட்டாள். மிஸியம்மா சன்மானம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கொண்டுவந்தால் என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள். ஊருக்குப் போகட்டும். நான் வந்து மேடையில் வைத்துவிட்டுப் போகிறேன். அதுவரை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு செடி, ஒரு தொட்டி, கொஞ்சம் தண்ணீர். இதுக்கா அந்தம்மா அவ்வளவு அலட்டுனா?

ஜஸ்டஸ்


குன்னூர்
14.4.1983

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். அம்மா உச்சி வெயிலில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்.

மிஸியம்மா புறப்பட்டுவிட்டார்கள். ஆனால் நீ இப்போது வரவேண்டாம். காரணம் கேட்காதே. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வரும்போது செடி உயிரோடு அந்த மேடையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் சரியாகாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிச்சையா அண்ணன் சொல்லச் சொன்னது: அசேலியாவின் வேர் தலைமுடி மாதிரி மெல்லியது, மேலாகவே ஓடும். ஒரு நாள் காய்ந்தால் போதும், போய்விடும். காலை இளவெயில் மட்டும் காட்டு. வாடிய பூக்காம்பைக் கிள்ளி எடு.

இனிமேல் பங்களா விலாசத்துக்கு எழுதாதே. மார்க்கெட் பக்கம் பார்வதியம்மாள் வீடு என்று போடு. பங்களாவில் தபால் ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை.

ஞானரத்தினம்


சங்கரன்கோவில்
2.5.1983

அக்காவுக்கு,

எல்லாரும் இருக்கிறோம். செடிதான் இருக்குமா என்று தெரியவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்னாடியே அதை மாடி மட்டுப்பாவில் வைத்துவிட்டேன். செடி என்றால் வெயில் வேண்டாமா? நாலு நாளில் இலை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி கருகிப்போனது. கீழே இறக்கிக் கிணற்றடி நிழலில் வைத்தேன். மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறது. மழையைப் பற்றிக் கேட்காதே. நம் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் சவுக்காரம் போட்டாலே நுரைக்காது, உனக்குத் தெரியும்.

இலை மஞ்சளானது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். நானும் இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் மஞ்சளானது.

நேற்றுக் காலையில் பார்க்கிறேன், தொட்டி நிறைய செம்மண் மாதிரி ஏதோ பூசியிருக்கிறது. அதற்கு மேல் அடுப்புச் சாம்பல். பக்கத்து வீட்டு கோமதித்தாய் இருக்கிறாளே, நம் பெரியம்மை, அவள்தான் அம்மன் கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். சொறி சிரங்குக்கு, தேள்கடிக்கு எல்லாம் பூசுகிறார்களே, அதேதான். சீக்குச் செடிக்கும் கேட்குமாம். சாம்பல் அம்மாவின் கைவேலை. கத்திரிக்காய்க்குப் போடுகிறதில்லையா, அந்த நினைப்பு.

நான் கத்தின கத்தில் அம்மா பெரியம்மை பக்கம் திரும்பிவிட்டாள். "வேதக்காரங்க வீட்டுக்குள்ள புத்துமண்ணைக் கொண்டாந்திருக்கியே, சபையில தெரிஞ்சா என்னாவும்?"

பெரியம்மை சொல்கிறாள்: "ஏட்டி ஏசுவடியா, செடிக்கு நீ எப்ப ஞானஸ்நானம் குடுத்த?"

சண்டை ஒரு மணி நேரம். அப்புறம் ரெண்டு பேரும் கருப்பட்டிக் காப்பி குடித்தார்கள். செடியை யாரும் பார்க்கவில்லை. நான்தான் ஒரு கரண்டியை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டச் சுரண்ட மண்ணோடு அந்த முடி வேரும் வருகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு செடிக்காக. எழவு.

பிச்சையா அண்ணாச்சியிடம் கேட்டு உடனே பதில் எழுது. உடனே என்றால் உடனே.

ஜஸ்டஸ்


குன்னூர்
30.5.1983

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பிச்சையா அண்ணனை ஞாயிற்றுக்கிழமை சந்தையில்தான் பார்க்க முடிகிறது. போன இரண்டு வாரம் அவர் வரவில்லை.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். புற்றுமண் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். சாம்பல் என்றதும் சிரித்துவிட்டார். இந்தச் செடிக்குப் புளித்த மண்தான் பிடிக்குமாம். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. சாம்பலும் சுண்ணாம்பு மாதிரிதான் வேலை செய்யும். நீ தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடிக்குப் பட்டினியாம்.

மழைத்தண்ணீர் இல்லாவிட்டால் மலைத்தண்ணீர். அதுவும் இல்லாவிட்டால் ஒரு வாளிக்கு அரைமூடி எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றச் சொன்னார். பார்சலில் தேயிலைத் தூசி அனுப்பியிருக்கிறேன். நனைத்து மண்ணின் மேல் ஒரு விரல் கனத்துக்கு மூடு. வேருக்குக் குளிர்ச்சி, புளிப்பும் ஏறும்.

அம்மாவைத் திட்டாதே.

ஞானரத்தினம்


சங்கரன்கோவில்
12.6.1983

அக்காவுக்கு,

அம்மாவைத் திட்டவில்லை. சுகமாக இருக்கிறாள். உன்னை விசாரித்தாள்.

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் என்கூடப் படித்த மூக்காண்டி மூட்டை தூக்குகிறான். அடிபட்ட பழமாகக் கேட்டேன். "ஊறுகா போடவாலே?" என்றான். செடிக்கு என்றேன். மண்டியே நின்று சிரித்தது. "ஏலே, இவன் செடிக்கு சர்பத் போடுதாம்லே!" சிரித்தார்கள், ஆனால் ஒரு சாக்கு கொடுத்தார்கள்.

மலைத்தண்ணீருக்கு வாசுதேவநல்லூர் போனேன். ஓடைத் தண்ணீர் ஒரு தகர டின் நிறைய. பஸ்ஸில் டின் சிந்தி ஒரு அம்மாளின் சேலை நனைந்து, கண்டக்டர் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். "தீர்த்தம்னா நடந்து கொண்டு போ வே." ஒன்பது மைல் தலையில் சுமந்து வந்தேன். இந்தக் காரியத்தை எல்லாம் யார் முகத்தைப் பார்த்துச் செய்கிறேன்? அந்தம்மா இங்கிலாந்தில் கேக் தின்றுகொண்டிருப்பாள்.

இடது பக்கக் கிளையில் துளிர் விட்டிருக்கிறது. கடுகு அளவு. வலது பக்கம் ஒன்றுமில்லை.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஒரே பங்களாவில இருந்துக்கிட்டு பிச்சையா அண்ணாச்சிய ஞாயித்துக்கிழமை சந்தையிலதான் பாப்பியா? ரெண்டு, நீ அனுப்பின தூசி கால் மூட்டை இருக்கும். பங்களாவில குடிக்கிறது நாலு கப்பு. இவ்வளவு தூசி ஏது?

ஜஸ்டஸ்


குன்னூர்
10.7.1983

தம்பிக்கு, எழுதக் கார்டுதான் கிடைத்தது. சுகம். துளிர் விட்டதில் சந்தோஷம். முக்கியமான விஷயம்: இனிமேல் கத்தரிக்கோல் வைக்காதே. அடுத்த வருஷத்துப் பூ இப்போதுதான் கிளை நுனியில் உள்ளுக்குள்ளே உருவாகும். காய்ந்த மாதிரி தெரிந்தாலும் வெட்டாதே. பொறுமையாக இரு. அம்மாவுக்குத் தைலம் வாங்கிக் கொடு.

ஞானரத்தினம்


சங்கரன்கோவில்
22.8.1983

அக்காவுக்கு,

வெட்டிவிட்டேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, பொறுமையாக இரு என்று ஒரு கார்டு. ஆடி மாசக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று உனக்கு மறந்துபோயிருக்கும். காலையில் நனைத்தால் பத்து மணிக்குத் தூசி வறண்டு பறக்கிறது. ஈரச்சாக்கைச் சுற்றித் தொட்டில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன். வலது கிளை அப்படியே குச்சி. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. செத்ததை எதுக்குச் சுமக்கணும் என்று அரிவாள்மணையில் வைத்து அறுத்தேன்.

உள்ளே பச்சை, அக்கா. வெட்டுவாயில் ஈரம். நுனியில் அரிசி மாதிரி ஒரு மொட்டு மூடிக்கொண்டு இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அறுத்த பிறகு பார்த்தேன்.

அம்மா கேட்டாள், "ஏன்லே, சாப்பிடாம இருக்க?" கிளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்ப ஒட்டவைக்க முடியுமா என்று கேட்காதே. கட்டிப் பார்த்துவிட்டேன்.

இடது கிளை மட்டும் மிச்சம். அதையும் நான் சாகடித்துவிடுவேன். இனி என்னால் முடியாது. அடுத்த மாதம் நான் செடியோடு வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன். ஏன் வேண்டாம் என்று சொல்லு, கேட்கிறேன். சொல்லவே மாட்டேங்கியே.

ஜஸ்டஸ்


குன்னூர்
16.9.1983

தம்பி ஜஸ்டஸுக்கு பிச்சையா எழுதினது. நான் நல்லா இருக்கேன். நீயும் உங்கம்மையும் நல்லா இருக்கணும். பனவடலிசத்திரத்துக்காரன் எழுத்து கோணலாத்தான் இருக்கும், கூட்டி வாசிச்சுக்கோ.

நீ அறுத்த கதைய உங்கக்கா வாசிச்சா. பதில் எழுத அவளுக்குக் கை வரல. அதான் நான் எழுதுதேன். எழுதச் சொல்லல அவ. தெரிஞ்சா என்னை வைவா.

செடி கிடைக்கலைன்னதும், ஊருக்குப் போறதுக்கு முன்னால மிஸியம்மா போலீசுல சொல்லப் போறேன்னு கிளம்பிட்டாவ. உன் பேரச் சொல்லத்தான். உங்கக்கா முன்னால போய் நின்னு, நான்தான் அவன்கிட்டக் குடுத்து ஊருக்கு அனுப்பினேன், நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டா. பதினோரு வருஷ வேலை, அன்னைக்குச் சாயங்காலமே பெட்டியோட வெளியே வந்தா. கிறிஸ்மஸுக்கு நான் வாரப்போ செடி மேடையில இருந்தா திரும்பப் பாக்கலாம்னு மிஸியம்மா சொல்லிட்டுப் போயிருக்காவ.

அஞ்சு மாசமா தேயிலை பாக்கெட்டுப் போடுற கொட்டகையில நிக்கா. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை. அந்தத் தூசிதான் உனக்கு வந்தது. பார்வதியம்மா வீட்டுல ஒரு மூலையில படுக்கா. உனக்குத் தெரிஞ்சா நீ ஓடி வந்து மிஸியம்மாவுக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் கெடுத்துருவேன்னு பயம். உங்கம்மைக்குத் தெரியப்படாதுன்னும் பயம்.

அறுத்த வாயில மஞ்சளோ சாணியோ வைக்காதே. அப்படியே விடு. மிச்சக் கிளைய நல்லபடியா கொண்டு வா. பொறுப்பா கொண்டு வா வே.

பிச்சையா


சங்கரன்கோவில்
25.9.1983

மிஸியம்மாவுக்கு ஜஸ்டஸ் எழுதுவது.

நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விலாசத்தைப் பிச்சையா அண்ணாச்சியிடம் தந்தி அடித்துக் கேட்டு வாங்கினேன். உங்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பதால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அசேலியாவை நான் எடுத்தேன். மார்ச் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு. நீங்கள் ஜெபத்தில் இருந்தீர்கள். என் அக்கா எடுக்கவில்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. அவள் உங்களிடம் சொன்னது பொய்.

செடி பாதிதான் இருக்கிறது. வெயிலில் வைத்தது நான். உப்புத் தண்ணீர் ஊற்றியது நான். வலது கிளை உயிரோடு இருந்தது. மொட்டு வைத்திருந்தது. அதை அறுத்தது நான். சாம்பலும் புற்றுமண்ணும் மற்றவர்கள் போட்டது, ஆனால் செடியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது நான்தான் என்பதால் அதுவும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அடுத்த பூவுக்கு நான் அங்கே இல்லை. அதைச் சொன்னதற்கு என் மீது கோபப்பட்டிருக்க வேண்டும், உங்கள் மீது கோபப்பட்டேன்.

போலீசுக்கு எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள். இந்த விலாசத்தில்தான் இருப்பேன். எங்கும் ஓடமாட்டேன். அக்காவை இப்போதே வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம். எட்டு மணி நேரம் நிற்கிறாளாம்.

ஜஸ்டஸ்


இங்கிலாந்து
20.10.1983

ஜஸ்டஸ் என்பவனுக்கு,

உனக்கும் உன் தாயாருக்கும் சமாதானம் உண்டாவதாக. உன் நிருபம் கிடைக்கப்பெற்று இரண்டு தரம் வாசித்தேன்.

நீ எடுத்தாய் என்பதை நான் அன்றைக்கே அறிவேன். ஈரமான தரையில் உன் பாதத்தின் அடையாளம் மேடை வரைக்கும் இருந்தது. உன் சகோதரியை நான் வெளியே அனுப்பியது செடியினிமித்தம் அல்ல. பதினோரு வருஷம் என் வீட்டில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். அதை என்னால் சகிக்கக் கூடாமற் போயிற்று.

செடி திரும்பினால் பார்க்கலாம் என்றேன். அது கோபத்தில் சொன்னது. இப்போது தெளிவாய் எழுதுகிறேன்: தான் சொன்னது பொய் என்று ஞானரத்தினம் ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பட்டும். மறுநாளே அவள் தன் அறைக்குத் திரும்பலாம். செடி செத்தாலும் சரி.

பாதி என்று எழுதினாய். பாதி உயிரோடிருக்கிறதென்றால் அதைப் பிச்சையாவிடம் சேர்ப்பி. என் சகோதரனும் முதல் வருஷம் ஒரு கிளையை அறுத்துப்போட்டான்.

உன் நிருபத்தில் எழுத்துப்பிழைகள் உண்டு. மற்றப்பிழைகள் இல்லை.

கர்த்தர் உன்னை நடத்துவாராக.


குன்னூர்
14.11.1983

அன்புள்ள தம்பி ஜஸ்டஸுக்கு,

நான் சுகம். உண்மையாகவே சுகம், வழக்கத்துக்கு எழுதவில்லை. அம்மாவிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அழுதார்களா? எனக்குத் தனியாக எழுதச் சொல்.

மிஸியம்மாவின் கடிதத்தை எனக்கு அனுப்பி, "ஒரு வரிதான அக்கா, எழுதிக் குடுத்துரு" என்று எட்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். பிச்சையா அண்ணனும் பேப்பர் பேனாவோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். "எழுதும்மா, தாயி, பேப்பர் நனையுது" என்று மழையில் நின்றார். என்னால் எழுத முடியவில்லை. வீம்பு என்று நினைக்காதே.

மார்ச் ஏழாம் தேதி உன்னைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டது யார்? நீ முதலில் ஏறிக்கொண்டு, "பையைத் தா" என்று கையை நீட்டினாய். ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தது நான். இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் அந்தக் கனம் கனக்குமா? ஒரு பக்கம் ஈரம் வேறு. பை வாயில் உன் துண்டுக்கு அடியில் ஒரு சிவப்பு இதழ் தெரிந்தது. பார்த்தேன். அப்போதே "இறங்குலே" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ இறங்கமாட்டாய், இறங்கினாலும் நேரே பங்களாவுக்குப் போய் இன்னும் நாலு வார்த்தை பேசி வைப்பாய். பஸ் கிளம்பட்டும் என்று துண்டை இழுத்து மூடிக் கையில் கொடுத்தேன்.

ஆக, நான்தான் கொடுத்து அனுப்பினேன் என்று மிஸியம்மாவிடம் சொன்னதில் பாதி பொய், பாதி நிஜம். பொய் என்று முழு வரி எழுதிக் கொடுத்தால் அதுதான் பொய்யாகும். இதை அப்படியே அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால், கொட்டகையில் இப்போது ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

நீ டிசம்பர் முதல் வாரம் வா. வெயில் ஏறுவதற்கு முன் மேட்டுப்பாளையம் தாண்டிவிடு. செடியை மேடையில் வைப்பது உன் வேலை, என் வேலையைப் பற்றி அங்கே யாரிடமும் பேசாதே.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன். பையை மட்டும் நீயே தூக்கிக்கொண்டு இறங்குலே.

உன் அக்கா
ஞானரத்தினம்